கூட்டாளி போனால் இன்னொருவர் வருவாரா? அத்தி, குளவி, பரிணாமம்: ஒரு நீண்ட இழை

வாசகர் கேள்வி, 9 பிப்ரவரி 2024

பூவும் பூச்சியும், பழமும் பறவையும் கோடிக்கணக்கான ஆண்டுகள் சேர்ந்தே பரிணமித்தவை. பனியுகம், வறட்சி எல்லாவற்றையும் தாண்டி வந்த கூட்டு தன்னாலேயே உறுதியாகத்தானே இருக்க வேண்டும்? ஒரு தேனீ இனம் போனால் வேறொரு பூச்சி வரும். பூவும் பழகிக்கொள்ளும். இதற்கு ஏன் இவ்வளவு பதற்றம்?

9 பிப்ரவரி, இரவு

பூ பழகிக்கொள்ளும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். சில சமயம் நாம் நினைப்பதைவிட வேகமாகவே பழகிக்கொள்ளும். அதனால் கூட்டு தப்பிவிடும் என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. இயற்கைத் தேர்வு பார்க்கிற கணக்கு சின்னது. இந்தச் செடியின் விதை எத்தனை முளைத்தது, அந்தக் குளவியின் குஞ்சு எத்தனை பிழைத்தது, அவ்வளவுதான். காடு மொத்தமும் தாங்குமா என்ற கணக்கை எந்த இனமும் வைத்திருப்பதில்லை. தாங்குதிறன் என்று நாம் சொல்வது இந்தச் சின்னக் கணக்குகளுக்கு நடுவில் மிஞ்சுகிற ஒன்று. சில இடத்தில் நிறைய மிஞ்சும், சில இடத்தில் ஒன்றும் மிஞ்சாது.

நாளை விரிவாக எழுதுகிறேன்.

10 பிப்ரவரி

அத்தியை வைத்தே பேசலாம். பொள்ளாச்சிப் பக்கம் நாட்டு மரங்களுக்கு நாற்றங்கால் நடத்துகிறேன். அத்தி, ஆல், அரசு, இச்சி, பேயத்தி எல்லாம் தினமும் கையில் புழங்குகிறவை.

அத்திக்காய் என்பது பூக்களை உள்ளே வைத்து மூடிய ஒரு பை. நூற்றுக்கணக்கில், சில இனங்களில் ஆயிரக்கணக்கில் பூக்கள் உள்சுவரில் நெருக்கி நிற்கும். நுனியில் செதில்கள் மூடிய ஒரு துளை. பெண் குளவி இரண்டு மில்லிமீட்டர் இருக்கும். அந்தச் செதில்களுக்கு நடுவில் தலையைக் கொடுத்து நெருக்கி நுழையும். நுழைகிறபோதே இறகு பிய்ந்துவிடும், உணர்கொம்பும் ஒடியும். சரியான பருவத்தில் ஒரு காயைப் பறித்துத் துளை வாயை லென்ஸ் வைத்துப் பாருங்கள். செதிலிடுக்கில் கண்ணாடிச் சீவல்போல இறகுகள் சிக்கிக்கொண்டிருக்கும். எத்தனை இறகு என்று எண்ணினால் எத்தனை குளவி உள்ளே போனது என்று ஓரளவு தெரியும்.

உள்ளே போனது திரும்பி வராது. மார்பில் உள்ள சிறு பைகளில் கொண்டுவந்த மகரந்தத்தைப் பூக்களில் வைக்கும், சில பூக்களுக்குள் முட்டையிடும், அங்கேயே சாகும். முட்டை விழுந்த பூ குஞ்சுக்குத் தீனியாகும், மற்றது விதையாகும். சில வாரம் கழித்து முதலில் வெளிவருவது ஆண் குளவி. அதற்கு இறகே கிடையாது. பெண்கள் பூவுக்குள் அடைபட்டிருக்கும்போதே இணைசேர்ந்துவிட்டு, காயின் சுவரைக் குடைந்து வழி போட்டுக் கொடுத்துவிட்டுச் செத்துப்போகும். பெண்கள் அப்போதுதான் முற்றிய மகரந்தத்தை அள்ளிக்கொண்டு அந்த வழியாகப் பறக்கும். அதற்கப்புறம் அவற்றின் ஆயுள் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். அதற்குள் அதே இனத்து இன்னொரு மரத்தை, அதுவும் குளவியை ஏற்கிற பருவத்தில் காய் வைத்திருக்கிற மரத்தை, வாசனை பிடித்தே கண்டுபிடித்தாக வேண்டும்.

உலகத்தில் 750க்கு மேற்பட்ட அத்தி இனங்கள் உண்டு. ஏறக்குறைய ஒவ்வொன்றுக்கும் தனிக் குளவி. இந்தக் கூட்டு தொடங்கிச் சுமார் 7.5 கோடி ஆண்டு ஆகிறது என்று மரபணு ஆய்வுகள் மதிப்பிடுகின்றன. ஒரே கூட்டாளியை நம்பி வாழ்வதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் எனக்குத் தெரியாது.

10 பிப்ரவரி, மாலை

மேலே எழுதியதில் முக்கியமானதைச் சொல்லாமல் விட்டேன்.

குளவிக்கு ஆயுள் ஒரு நாள் என்றால், வட்டாரத்தில் உள்ள அத்தி மரமெல்லாம் மாமரம் மாதிரி ஒரே பருவத்தில் காய்த்தால் என்ன ஆகும்? குளவி இனம் அந்த வருடத்தோடு முடிந்துவிடும். அதனால் ஒரு மரத்தின் காய்கள் பெரும்பாலும் ஒன்றாக முற்றினாலும், மரத்துக்கு மரம் காலம் தள்ளித் தள்ளி வருகிறது. இந்த வாரம் ஓடைக்கரை மரம், அடுத்த வாரம் கோயில் பக்கத்து மரம். விளைவு என்னவென்றால், காட்டில் மற்ற மரங்கள் வெறுங்கையாக நிற்கிற மாதத்திலும் எங்கேயாவது ஓர் அத்தியோ ஆலோ பழுத்து நிற்கும்.

ஆனைமலையில் இருவாச்சி கூடு வைப்பதைப் பார்த்தவர்களுக்கு இது என்ன மாதிரி உதவி என்று புரியும். பெண் பறவை மரப்பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொண்டு உள்ளேயே இருக்கும். கோடை வரைக்கும் அதற்கும் குஞ்சுக்கும் ஆண் பறவை சுமந்து வந்து ஊட்டுவதில் பெரும்பங்கு அத்தி வகைப் பழங்கள்தான். குக்குறுவான், பச்சைப்புறா, மரநாய், வௌவால், குரங்கு எல்லாம் அதே பந்தியில். அப்படி உயிர்தப்பிய இருவாச்சி பிறகு கருங்குங்கிலியத்தின் விதையையும் காட்டு ஜாதிக்காயின் விதையையும் விழுங்கிக் கொண்டுபோய்த் தூரத்தில் போடுகிறது. அந்த மரங்களுக்கும் அத்திக் குளவிக்கும் நேரடியாக ஒரு சம்பந்தமும் கிடையாது.

இந்த ஏற்பாட்டை எதுவும் இருவாச்சிக்காகச் செய்யவில்லை. மரம் தன் மகரந்தத்தைப் பார்த்தது, குளவி தன் முட்டையைப் பார்த்தது. மிகக் குறுகிய ஒரு கூட்டிலிருந்து காடு முழுவதற்கும் ஒரு பஞ்சகால இருப்பு மிஞ்சியது. பரிணாமம் தாங்குதிறனை உண்டாக்கும் என்றால் இப்படித்தான் உண்டாக்கும், பக்கவாட்டில்.

ஆனால் இதற்கு ஒரு விலை இருக்கிறது. தள்ளித் தள்ளிக் காய்க்கும் மரங்கள் போதுமான அளவுக்கு இருந்தால்தான் சங்கிலி அறாது. ஜூடித் ப்ரான்ஸ்டீன் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் 1990ல் இதைக் கணினியில் ஒரு மாதிரி அமைத்துப் பார்த்தார்கள். ஒரு வட்டாரத்துக் குளவிக் கூட்டம் நான்கு ஆண்டு தாக்குப்பிடிக்கவே ஏறத்தாழ நூறு மரம் வேண்டியிருந்தது. அத்தி காட்டில் அடர்த்தியாக நிற்கிற இனம் இல்லை, அதனால் நூறு மரம் என்றால் விரிந்த நிலப்பரப்பு வேண்டும்.

12 பிப்ரவரி

"ஒரு மரம், ஒரு குளவி, கச்சிதமான நட்பு" என்று ஒருவர் கீழே எழுதியிருக்கிறார். அவ்வளவு கச்சிதம் இல்லை. மரபணுவைப் பார்க்கத் தொடங்கிய பிறகு, ஒரே இனம் என்று நினைத்த குளவி இரண்டு மூன்று இனமாகப் பிரிவது பல அத்திகளில் தெரிந்தது. நட்பும் இல்லை. ஒவ்வொரு தரப்பும் மற்றதை எவ்வளவு கறக்கலாம் என்று பார்க்கிறது.

ஆப்பிரிக்காவின் சிக்கமோர் அத்தியைப் பாருங்கள். அதில் இரண்டு குளவிகள் வழக்கமான வாசல் வழியாக நுழைகின்றன. இரண்டும் ஒரே பேரினம். ஒன்று மகரந்தம் கொண்டுவருகிறது. இன்னொன்று மகரந்தக் குளவிகளின் வம்சத்தில் வந்ததுதான், ஆனால் இப்போது சுமப்பதில்லை. முட்டை மட்டும் இட்டுவிட்டுப் போகிறது. சும்மா வளர்கிற குஞ்சுக்குச் செலவு மரத்துடையது.

அப்படியானால் எல்லாக் குளவியும் ஏன் இப்படி மாறவில்லை? சில அத்திகளில் மரமே தண்டிக்கிறது. பனாமாவில் சார்லட் யாண்டரும் ஆலன் ஹெர்ரும் மகரந்தம் இல்லாத குளவிகளைக் காய்க்குள் விட்டுப் பார்த்தார்கள் (2010). குளவி தானே முனைந்து மகரந்தம் வைக்கவேண்டிய அத்தி இனங்களில், மகரந்தம் வராத காய்களை மரம் உதிர்த்துவிட்டது. உள்ளே இருந்த குஞ்சுகளும் சேர்ந்து செத்தன. தண்டனை கடுமையாக இருந்த இனங்களில் ஏமாற்றுக் குளவிகள் அரிது. தண்டனை தளர்ந்த இனங்களில் அதிகம். மகரந்தம் தானாகவே உடம்பில் ஒட்டிக்கொண்டு வருகிற இனங்களில் தண்டனையே காணவில்லை, அங்கே ஏமாற்றுவதில் குளவிக்கு லாபமும் இல்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், 7.5 கோடி ஆண்டு நிலைத்த கூட்டை நிறுத்தி வைத்திருப்பது இந்தக் கெடுபிடிதான். அது தளர்ந்தால் கூட்டும் தளரும்.

12 பிப்ரவரி, சிறு சேர்க்கை

எறும்பைப் பற்றிக் கேட்டவருக்கு: ஆமாம், அத்தி மரத்தில் முசிறு இருந்தால் விரட்டாதீர்கள். காயின் வெளியிலிருந்தே துளைபோட்டு முட்டையிடுகிற ஒட்டுண்ணிக் குளவிகள் பல உண்டு. சிலவற்றின் முட்டையிடும் ஊசி முனையில் துத்தநாகம் ஏறிய பற்களே இருக்கின்றன என்று பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் கண்டிருக்கிறார்கள். துளைபோட நேரம் ஆகும், அந்த நேரத்தில் முசிறு பிடித்துவிடும். அதே கழகத்தில் ரெனே போர்ஜஸ் குழு அத்தி வாசனைக்கும் குளவி வாசனைக்கும் எறும்புகள் எப்படி வருகின்றன என்று பார்த்திருக்கிறது. ஆக, ஜோடி என்று நாம் சொல்கிற கூட்டுக்குள்ளேயே மூன்றாமவர், நான்காமவர் இருக்கிறார்கள்.

15 பிப்ரவரி

சரி, உண்மையான சோதனைக்கு வருவோம். அடி விழுந்தபோது இந்தக் கூட்டு என்ன ஆனது?

1883 ஆகஸ்டில் இந்தோனேசியாவின் கிரக்கத்தோவா எரிமலை வெடித்தது. மிஞ்சிய தீவுகளைச் சூடான சாம்பல் மூடியது, மரம் மட்டை எல்லாம் போயிற்று. ஜாவா, சுமத்ரா கரைகள் சுமார் 40 கிலோமீட்டர் கடலுக்கு அப்பால். சில பத்தாண்டுகளில் அத்திகள் வந்து சேர்ந்தன. வௌவாலும் பறவையும் விதை கொண்டுவந்தன. அதுமட்டும் போதாது, ஒவ்வொரு அத்திக்கும் உரிய குளவியும் கடலைத் தாண்டி வந்தால்தான் அடுத்த தலைமுறை. அவையும் வந்தன. இன்று அங்கே இருபதுக்கும் மேற்பட்ட அத்தி இனங்கள் உண்டு.

ஒரு நாள் ஆயுள் உள்ள பூச்சி எப்படிக் கடலைத் தாண்டும்? நமீபியாவின் பாலைவனத்தில், ஊகாப் ஆற்றோரமாகத் தள்ளித் தள்ளி நிற்கும் சிக்கமோர் அத்திகளின் விதைகளில் தந்தை யார் என்று மரபணு வைத்துத் தேடினார்கள். 160 கிலோமீட்டர் தள்ளி நின்ற மரத்தின் மகரந்தம் கிடைத்தது (2009). காற்று கொண்டுபோயிருக்கிறது. உயரப் பறந்து காற்றில் ஏறிக்கொள்ளும் பழக்கம் குளவி தன் முட்டைக்காகப் பெற்றது. அதனால் ஒரு தீவுக்கூட்டமே மீண்டது.

இத்தோடு நிறுத்தினால் கேள்வி கேட்டவர் சொன்னது சரி என்று ஆகிவிடும். லம்பிரைப் பாருங்கள்.

மலேசியாவின் சரவாக்கில் லம்பிர் குன்றுகள் தேசியப் பூங்கா. 1998 தொடக்கத்தில் எல் நினோ வறட்சி. ரெட் ஹாரிசன் என்ற ஆய்வாளர் அப்போது அங்கே அத்திகளைக் கவனித்துக்கொண்டிருந்தார். ஆண் மரம், பெண் மரம் என்று தனித்தனியாக இருக்கிற சிறு அத்திகள் வறட்சியில் புதுக் காய் வைப்பதை நிறுத்தின. மரம் சாகவில்லை, காய் வைப்பதைத்தான் நிறுத்தியது. மரத்துக்கு அது புத்திசாலித்தனம், நீரை மிச்சப்படுத்தியது. குளவிக்கு? ஒரு நாள் ஆயுளை வைத்துக்கொண்டு எங்கே போய் முட்டையிடும்? அந்த வட்டாரத்தில் அக்குளவிகள் அழிந்தன. வறட்சி முடிந்து ஆறு மாதம் ஆகியும் பெரும்பாலானவை திரும்பவில்லை. மழை வந்து மரங்கள் மறுபடி காய் வைத்தபோது உள்ளே நுழைய யாரும் இல்லை.

ஒரே வம்சம், ஒரே ஏற்பாடு. கிரக்கத்தோவாவில் மீண்டது, லம்பிரில் அறுந்தது. வித்தியாசத்தில் ஒரு பகுதி பறக்கும் உயரத்தில் இருக்கிறது. பெரிய ஆல வகை மரங்களின் குளவிகள் காட்டின் தலைக்கு மேலே ஏறிக் காற்றில் போகிறவை. அடிக்காட்டுச் சிறு அத்திகளின் குளவிகள் தாழப் பறக்கிறவை, பக்கத்து மரத்தைத் தேடுகிறவை. பக்கத்து மரங்கள் எல்லாம் எப்போதும் இருந்த காலத்தில் அது நல்ல பழக்கம். இன்னொரு பகுதி, சுற்றிலும் என்ன மிஞ்சியிருந்தது என்பது. கிரக்கத்தோவாவுக்கு அந்தப் பக்கம் ஜாவா முழுக்க அத்தி இருந்தது. லம்பிரைச் சுற்றிலும் அதே வறட்சி.

16 பிப்ரவரி

கலிபோர்னியா அத்தி பற்றிக் கேள்வி வந்திருக்கிறது. ஃப்ரெஸ்னோ பக்கம் 1880களில் துருக்கியின் ஸ்மிர்னா சீமையத்தியைக் கொண்டுவந்து நட்டார்கள். செழிப்பாக வளர்ந்தது, காய் மட்டும் பழுக்காமல் உதிர்ந்தது. 1899ல் குளவியைக் கொண்டுவந்து நிலைநிறுத்திய பிறகுதான் விளைச்சல்.

எதிர்ப்பக்கம்: நம்மூர்ச் சின்ன இலை இச்சியை ஃப்ளோரிடாவிலும் ஹவாயிலும் நிழலுக்காக நட்டார்கள். குளவி இல்லாத காலத்தில் அது நட்ட இடத்தில் நின்றது. குளவி போய்ச் சேர்ந்ததும் விதை பிடித்தது, பறவை பரப்பியது, சுவரிலும் மற்ற மரங்களின் மேலும் முளைத்து அங்கே இப்போது களை. கூட்டு உறுதியாக இருப்பது எல்லோருக்கும் நல்லது என்றும் சொல்ல முடியாது.

20 பிப்ரவரி

அத்தியை விட்டு வெளியே வருகிறேன். பெரும்பாலான பூக்களுக்கு ஒரே கூட்டாளி கிடையாது. ஒரு புல்வெளியில் எந்தப் பூவுக்கு எந்தப் பூச்சி வருகிறது என்று கோடு போட்டால் பெரிய வலை வரும். ஜோர்டி பஸ்கோம்ப்டேயும் பெத்ரோ ஜோர்தானோவும் கூட்டாளிகளும் 52 வலைகளை எடுத்துப் பார்த்து 2003ல் ஒன்றைச் சொன்னார்கள். சில பேருடன் மட்டும் பழகுகிற இனங்கள் பெரும்பாலும் எல்லோருடனும் பழகுகிற இனங்களின் மேல் சாய்ந்திருக்கின்றன. அதாவது, ஒரே ஒரு பூச்சியை நம்புகிற பூ நம்பியிருப்பது அரிதான பூச்சியை அல்ல, பல பூக்களுக்குப் போகிற, எண்ணிக்கையில் அதிகமான, நிலையான ஒரு பூச்சியை. யோசித்தால் காரணம் எளிது. அரிய பூச்சியை மட்டும் நம்பிய அரிய பூக்கள் ஏற்கனவே போய்விட்டன. இன்று வலையில் இருப்பவை மிஞ்சியவை.

இதிலிருந்து ஒரு முடிவு வருகிறது. அரிய இனங்கள் முதலில் போனால் வலை ரொம்ப நாள் தாங்கும். எல்லோருக்கும் பொதுவான இனம் போனால் ஆட்டம் காணும். ஜேன் மெம்மட் குழு 2004ல் கணினியில் இனங்களை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்ததும் இதையே காட்டியது. தேன்வண்டு, கொசுத்தேனீ, மலைத்தேனீ என்று நாம் சாதாரணமாகப் பார்க்கிறவற்றைத்தான் கண்ணும் கருத்துமாகக் காக்க வேண்டும். காப்பு என்றாலே அரியதைக் காப்பது என்ற பழக்கம் நமக்கு ஊறியிருக்கிறது. ஒரு தென்னந்தோப்புக்கு மருந்தடித்துக் கொசுத்தேனீக் கூடு போனால் யாரும் செய்தி போடுவதில்லை.

21 பிப்ரவரி

நேற்று எழுதியதோடு சேர்த்துப் படிக்க ஒரு நிஜக் கணக்கு. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம், கார்லின்வில் என்ற சிற்றூர். 1800களின் கடைசியில் சார்லஸ் ராபர்ட்சன் என்பவர் சுற்றுவட்டாரப் பூக்களுக்கு எந்தெந்தத் தேனீ வருகிறது என்று வருடக்கணக்காகக் குறித்து வைத்தார். லாரா பர்க்கிலும் கூட்டாளிகளும் 2009, 2010ல் அதே இடத்தில் 26 காட்டுச் செடிகளை மறுபடி பார்த்து 2013ல் எழுதினார்கள். அந்தச் செடிகளுக்கு வந்த தேனீ இனங்களில் பாதி இல்லை. பழைய இணைப்புகளில் சுமார் கால்வாசிதான் மிச்சம். நூற்றுக்கு மேற்பட்ட புது இணைப்புகளும் உண்டாகியிருந்தன.

கேள்வி கேட்டவர் "வேறொரு பூச்சி வரும்" என்றார். வந்திருக்கிறது. ஆனால் போனதைவிடக் குறைவாக வந்திருக்கிறது. முக்கியமாக, வருவதற்கு வலையில் ஆள் மிஞ்சியிருந்ததால் வந்தது. ஹவாயில் நாட்டுப் பறவைகள் பெரும்பாலும் போய்விட்ட ஓவாஹு தீவில், இன்று விதை பரப்புவது கிட்டத்தட்ட முழுக்க வெளியிலிருந்து வந்த பறவைகள். அந்த வலையும் பார்வைக்குக் கட்டுக்கோப்பாகத்தான் இருக்கிறது. அவை அதிகம் பரப்புவதும் வெளியிலிருந்து வந்த செடிகளையே. வலை நிற்கிறது, காடு மாறிவிட்டது.

25 பிப்ரவரி

இந்த இழையில் நான் சொல்ல நினைத்ததன் நடுப்பகுதி இதுதான். பரிணாமம் மெதுவாக நடக்கும், நம் காலத்தில் தெரியாது என்று பலர் நினைக்கிறார்கள். கூட்டாளி குறைந்தால் அது வேகமாகவே நடக்கிறது. எந்தப் பக்கம் நடக்கிறது என்று பாருங்கள்.

சூரிச்சில் ஃப்ளோரியன் ஷீஸ்டலும் டேனியல் ஜெர்வாசியும் கடுகுக் குடும்பத்துச் செடி ஒன்றை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு வரிசைக்குப் பம்பிள்பீ என்ற பெருந்தேனீ மட்டும், இன்னொரு வரிசைக்குப் பூ ஈ மட்டும். ஒன்பதே தலைமுறையில் தேனீ வரிசைச் செடிகள் உயரமாக, வாசனை கூடியவையாக ஆயின. ஈ சரியாக மகரந்தம் சேர்க்காது, அதனால் ஈ வரிசைச் செடிகள் குட்டையாகி, தன் மகரந்தத்தைத் தானே வைத்துக்கொள்வது கூடியது.

அது மூடிய இடத்துக்குள் நடந்தது. திறந்த வயலில் நடந்தது பாரிஸ் பக்கம். வயலோரம் முளைக்கும் காட்டுப் பான்சி என்ற சிறு பூச்செடியின் பழைய விதைகள் 1990களிலும் 2000த்தின் தொடக்கத்திலும் சேகரித்துச் சேமிக்கப்பட்டிருந்தன. அவற்றையும் இன்றைய செடிகளின் விதைகளையும் ஒன்றாக வளர்த்துப் பார்த்தார்கள். இன்றைய செடியின் பூ 10 சதவீதம் சிறியது, தேன் 20 சதவீதம் குறைவு, தானே சூல்கொள்வது 27 சதவீதம் கூடியிருக்கிறது. பூச்சிகளும் இந்தப் பூக்களுக்குக் குறைவாகவே வந்தன. எல்லாம் சுமார் இருபது ஆண்டுகளுக்குள். 2023 டிசம்பரில் வெளிவந்த ஆய்வு.

செடியின் கணக்கில் இது சரி. பூச்சி வரவில்லை, காத்திருந்து பயனில்லை, தானே விதை பிடித்துக்கொள்கிறது. பூச்சியின் கணக்கில்? ஏற்கனவே பசியில் இருக்கிற தேனீக்கு ஐந்தில் ஒரு பங்கு தேன் போயிற்று. தேனீ இன்னும் குறையும். அதனால் அடுத்த செடியும் தானே சூல்கொள்ளத் தொடங்கும். அந்தச் செடி இனம் பழகித் தப்பிக்கிறது, கூட்டை விட்டுத் தப்பிக்கிறது.

பழத்திலும் இதே கதை. பிரேசிலின் அட்லாண்டிக் காட்டில் ஜுசாரா என்ற பனைவகை. மௌரோ கலெட்டி குழு 2013ல் காட்டியது: டூக்கன் போன்ற அகல வாய்ப் பறவைகள் வேட்டையாலும் காடழிப்பாலும் போன இடங்களில் ஜுசாரா விதை சிறுத்திருக்கிறது. சின்ன வாய்ப் பறவையால் பெரிய விதையை விழுங்க முடியாது, பெரிய விதை தாயின் காலடியிலேயே கிடந்து போகும். நூறாண்டுக்குள் இது நடந்திருக்கலாம் என்று கணக்கிடுகிறார்கள். சிறிய விதை சீக்கிரம் காய்ந்துவிடும், நாற்றும் சோனியாக வரும். ஆக, ஒரு வறட்சி வந்தால் தாங்குகிற சக்தி குறைந்துவிட்டது. நாளை டூக்கனைக் கொண்டுவந்து விட்டாலும் பெரிய விதை உடனே திரும்பாது.

நாற்றங்காலில் இருப்பவனாக இந்தக் கடைசி விஷயம் எனக்கு நெஞ்சில் தைக்கிறது. ஒரே மரத்தின் பழத்திலேயே பெரிய விதை, சிறிய விதை இருக்கும். பெரியதில் வந்த நாற்று பையில் நிற்கிற நிற்பே வேறு. ஒரு வாரம் தண்ணீர் தவறினால் எது படுக்கும் என்று கண்ணாலேயே சொல்லிவிடலாம்.

26 பிப்ரவரி

ஒருவர் கேட்கிறார்: "அப்படியானால் பரிணாமம் கூட்டுக்கு எதிரியா?" அப்படிச் சொல்ல மாட்டேன். அத்தி விஷயத்தில் காடு முழுவதையும் தாங்குவது அதன் விளைவுதானே. கூட்டாளிகள் நிறைய இருக்கிறபோது, கூட்டாளியை நன்றாகப் பிடித்துக்கொள்கிற பண்பு ஜெயிக்கிறது, கூட்டு இறுகுகிறது. கூட்டாளிகள் ஒரு அளவுக்குக் கீழே குறைந்தால், கூட்டாளி இல்லாமல் சமாளிக்கிற பண்பு ஜெயிக்கிறது, கூட்டு அவிழ்கிறது. அதே விசைதான். எண்ணிக்கை எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பொறுத்துத் திசை மாறுகிறது. அவிழ்வது தொடங்கினால் தன்னையே வேகப்படுத்திக்கொள்ளும்.

2 மார்ச்

இன்னொரு சிக்கல், சுருக்கமாக. பாவ்லோ கிமராயிஸ் குழு 2017ல் கணித மாதிரியில் பார்த்தது: பெரிய வலையில் ஓர் இனத்தின் பண்பை மாற்றுவதில் நேரடிக் கூட்டாளிகள் மட்டுமல்ல, கூட்டாளியின் கூட்டாளிகளும் பங்கெடுக்கிறார்கள். குறைவான பேருடன் பழகுகிற இனத்துக்கு இந்த மறைமுக இழுப்பு இன்னும் அதிகம். சூழல் மெதுவாக மாறினால் எல்லோரும் சேர்ந்து நகரலாம். வேகமாக மாறினால், பல பக்கம் இழுபடுகிற இனம் புதுச் சூழலுக்குத் தன்னைச் சரிசெய்துகொள்வது தாமதமாகிறது. கூட்டாளிகள் அதிகம் இருப்பது பாதுகாப்பு என்று 20ஆம் தேதி எழுதினேன். அது இனம் போகிறபோது பாதுகாப்பு. வெயில் வேகமாக ஏறுகிறபோது அதே கட்டு காலைப் பிடிக்கும்.

9 மார்ச்

வெயில் என்றதும் சிங்கப்பூர் ஆய்வு. அங்கே 2013ல் அத்திக் குளவிகளை வெவ்வேறு வெப்பத்தில் வைத்துப் பார்த்தார்கள். இப்போதுள்ளதைவிட 3 டிகிரி ஏறினாலே முதிர்ந்த பெண் குளவியின் ஆயுள் வெகுவாகக் குறைகிறது. ஒரு நாள் ஆயுளில் சில மணி நேரம் போவது என்றால் தேடக்கூடிய தூரம் சுருங்குவது. தூரம் சுருங்கினால், நூறு மரம் இன்னும் நெருக்கமாக வேண்டும்.

நாம் செய்வது நேர்மாறு. எங்கள் பக்கம் சாலையை அகலப்படுத்தியபோது இருபுறமும் நின்ற ஆலும் அரசும் அத்தியும் வரிசையாகப் போயின. வேரோடு பெயர்த்து வேறிடத்தில் நட்ட ஒன்றிரண்டைக் காட்டி ஈடாகிவிட்டது என்றார்கள். அந்த மரங்கள் நிழலுக்காக வைக்கப்பட்டவை. ஆனால் மலைக்கும் சமவெளிக்கும் நடுவில் குளவி தாவிப் போகிற படிகளாகவும் இருந்தவை. ஒரு ஆலமரம் போனதை எல்லோரும் பார்த்தார்கள். காய்க்கும் வரிசையில் ஒரு வாரம் காணாமல் போனதை யாரும் பார்க்கவில்லை. வரிசையில் இரண்டு வாரம் இடைவெளி விழுந்தால் அந்த வட்டாரக் குளவிக்கு வேறு வழி கிடையாது. வேறெங்கிருந்தாவது காற்றில் புதிதாக வந்தால்தான் உண்டு.

கோபத்தில் எழுதுகிறேன் என்று தெரிகிறது. இருக்கட்டும்.

10 மார்ச்

முதல் கேள்வி கேட்டவர் திரும்பி வந்து, "அப்படியானால் என்னதான் செய்வது?" என்கிறார். என் கைக்கு எட்டியதைச் சொல்கிறேன். அத்தி வகையில் ஒன்றிரண்டு பெருமரத்தைக் கோயிலுக்கு வைத்துவிட்டு விடாமல், ஓடைக்கரை, வரப்போரம், பள்ளிச் சுற்றுச்சுவர் என்று பரவலாக வையுங்கள். போத்து வெட்டி நடுவது சுலபம்தான், ஆனால் ஒரே மரத்தின் போத்தாக இருந்தால் எல்லாம் ஒரே குணத்தோடு இருக்கும். சேர்ந்து காய்க்கிற வாய்ப்பும் கூடும். விதையில் வந்த நாற்றும் கலந்து வையுங்கள். பல மரங்களில் விதை எடுங்கள். நிற்கிற மரத்தை நிற்க விடுவது இதையெல்லாம்விட மேல்.

10 மார்ச், இரவு

பேயத்தி பற்றித் தனியாகக் கேட்டவருக்கு: ஆமாம், லம்பிரில் அடிபட்டவை மாதிரி இதுவும் ஆண் பெண் தனித்தனி மரம். ஆண் மரத்துக் காயைப் பிட்டால் குளவியும் மகரந்தமும் இருக்கும், விதை இராது. பெண் மரத்துக் காயில் விதை நிறைந்திருக்கும், குளவிக் குஞ்சு வளராது. பெண் காய்க்குள் நுழைகிற குளவி மகரந்தத்தைக் கொடுத்துவிட்டு முட்டையிட முடியாமல் சாகும். அதனால் ஆண் மரம் இல்லாத இடத்தில் குளவி நிலைக்காது, பெண் மரம் இல்லாத இடத்தில் விதை கிடையாது. நாற்றாக இருக்கும்போது எது எது என்று தெரியாது, முதல் காய் வந்து பிட்டுப் பார்த்தால்தான் தெரியும். அதனால் ஒன்று கேட்டு வருகிறவர்களுக்கு நான் ஏழெட்டாகத்தான் கொடுக்கிறேன். ஓடைக்கரை ஈரத்தில், ஒன்றுக்கொன்று பத்துப் பன்னிரண்டு அடி விட்டு நடுங்கள். முதல் கோடையில் மட்டும் தண்ணீர் பார்த்துக்கொண்டால் போதும்.